பின்னல் உறை ஹோஸ் மாற்றிய பிறகும் பெட்ரோல் கசிகிறது: எந்த மரைக்கு எதை வைத்து அடைப்பது?

பழைய டட்சன் (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்த காலத்தில் வாங்கிய டட்சன் 120ஒய் காரை, பல ஆண்டுகள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கிடந்த பிறகு, சிறிது சிறிதாகச் சரிசெய்து வருகிறேன். எஞ்சின் அதே ஏ12, 1171 சிசி. பழைய கார்புரேட்டர் தேய்ந்துவிட்டதால், பக்கவாட்டில் காற்றை இழுக்கும் வெபர் 40 டி.சி.ஓ.இ. ஒன்றைப் பொருத்தி, எஞ்சினோடு இருந்த பழைய பெட்ரோல் பம்பைக் கழற்றிவிட்டு, டாங்கிக்கு அருகில் கன சதுர வடிவிலான மின் பம்ப் ஒன்றை வைத்திருக்கிறேன். அதோடு பழைய ரப்பர் ஹோஸ்களையும் நீக்கிவிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் பின்னிய ஹோஸைப் போட்டேன். ஃபிட்டிங்குகள் எல்லாம் ஏ.என்.6 அளவு, இணையத்தில் வாங்கியவை.

இப்போது நான்கு இடங்களில் கசிவு இருக்கிறது. பம்பின் வெளிவாயிலில் உள்ள மரையில் 1/8 அங்குல அடாப்டரை முறுக்கியிருக்கிறேன். வெள்ளை டெஃப்லான் டேப்பை ஐந்து சுற்று சுற்றியும், நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. பம்பில் எந்தக் குறியும் இல்லை. அடாப்டர் வந்த பொட்டலத்தில் ‘1/8 பி.டி.’ என்று இருந்தது, என்.பி.டி. (அமெரிக்கச் சரிவு குழாய் மரை) என்பதைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, ஃபில்டரில் உள்ள ஏ.என்.6 மரை, அங்கும் டேப் சுற்றினேன், அங்கும் ஈரம் நிற்கவில்லை, இன்னும் இறுக்கினால் அலுமினியம் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மூன்றாவது, கார்புரேட்டரில் பாஞ்சோ போல்டு (வளைய ஃபிட்டிங்கின் நடுவே செல்லும், உள்துளையுள்ள போல்டு) உட்காரும் இடம். குளிர்ந்த நிலையில் காய்ந்திருக்கிறது, வண்டி ஓடிச் சூடான பிறகு நனைகிறது. நான்காவது, ஹோஸின் ஒரு முனையில் ஹோஸே ஃபிட்டிங்கிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தது போல் தெரிகிறது.

எல்லாவற்றையும் இன்னும் இறுக்குவதா, நல்ல டேப்பாக வாங்கி மீண்டும் சுற்றுவதா, அல்லது வேறு ஏதாவது பசை தேவையா என்பதை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

---

கடைசல் பட்டறை (கூலிம்) எழுதியது:

தம்பி, முதலில் பேட்டரியின் எதிர்மின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இவற்றைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சொட்டும் பெட்ரோலுக்குக் கீழே எக்ஸாஸ்ட் குழாய் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்.

இறுக்குவதா டேப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு இணைப்பிலும் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது எந்தப் பரப்பு? மரையைக் கண்டவுடன் மரைதான் அடைக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். உங்கள் வண்டியில் உள்ள மூன்று வகை மரைகளில் ஒன்றே ஒன்றில்தான் மரை அடைக்கிறது. மற்ற இரண்டிலும் அதன் வேலை இரண்டு பரப்புகளை இழுத்து நெருக்கிப் பிடிப்பது மட்டுமே.

பம்பில் இருப்பது சரிவு மரை, அதாவது நுனி சிறுத்து அடி பருத்து வரும் மரை. விட்டத்தில் 16-க்கு 1 என்ற சரிவு. முறுக்க முறுக்க ஆப்பு போல நெருங்கி அடைக்கும். எஞ்சும் நுண்ணிய இடைவெளியை நிரப்பத்தான் டேப்போ பசையோ வேண்டும். இங்கே உங்கள் சிக்கல் டேப் அன்று, அந்த இரண்டு எழுத்துகள். பி.டி. என்பது ஜப்பானியர் சரிவு குழாய் மரைக்கு வைத்த பழைய குறி. அது பிரிட்டிஷ் சரிவு மரையான பி.எஸ்.பி.டி.யைச் சேர்ந்தது. நீங்கள் சொல்லும் கன சதுர வடிவப் பம்புகளில் வழக்கமாக இருப்பது அமெரிக்க என்.பி.டி. மரை. 1/8 அளவில் என்.பி.டி.க்கு ஓர் அங்குலத்துக்கு 27 மரை, பி.எஸ்.பி.டி.க்கு 28. முன்னதன் மரைக் கோணம் 60 பாகை, பின்னதற்கு 55. எண்ணிக்கை இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் ஒன்று மற்றொன்றில் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறி, ‘சரியாகத்தான் போகிறது’ என்று நம்மை நம்பவைக்கிறது; பிறகு சிகரம் ஒரு பக்கமும் பள்ளம் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து, மரையோரமாகவே சுருள் வழி ஒன்றைப் பெட்ரோலுக்குத் திறந்து வைத்துவிடுகிறது. ஐந்து சுற்று என்ன, ஐம்பது சுற்று டேப் போட்டாலும் அந்த வழி முழுதாக அடைபடாது.

நான் தொழில் பழகியது ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையின் பட்டறையில். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து இயந்திரங்கள் எல்லாம் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மரை. அமெரிக்க, ஜப்பானியச் சாமான்கள் வரத் தொடங்கிய பிறகு ஒரே மேசையில் மூன்று வகை ஸ்பேனர் கிடக்கும். இன்றும் நம் ஊர் இரும்புக்கடையில் தண்ணீர்க் குழாய்க்காக விற்பது பிரிட்டிஷ் மரைதான் என்பதால், அவசரத்துக்கு அங்கே போய் ‘1/8 கொடுங்கள்’ என்று கேட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது.

சோதிக்க வழி இருக்கிறது. திரெட் கேஜ் (மரையை ஒப்பிட்டு அளக்கும் பல் தகடு) இருந்தால் அடாப்டரின் மரையில் 27, 28 இரண்டையும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சரியானதில் வெளிச்சம் ஊடுருவாது. கேஜ் இல்லையென்றால், என்.பி.டி. என்று உறுதியாகத் தெரிந்த ஓர் ஆண் மரையை உங்கள் அடாப்டரின் மரையோடு பல்லோடு பல்லாகப் பொருத்திப் பாருங்கள். நான்கைந்து மரைக்குள் விலகல் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

1/8 என்.பி.டி.யிலிருந்து ஏ.என்.6-க்கு மாற்றும் அடாப்டரை வாங்குங்கள். பம்பின் உள்மரை ஏற்கெனவே சற்று நசுங்கியிருக்கலாம். அதே அளவு டேப் கொண்டு ஒரு முறை மரையைத் துடைத்தெடுக்கலாம் (வெள்ளை டேப்பைச் சொல்லவில்லை, மரை வெட்டும் உளியைச் சொல்கிறேன்). துகள் ஒட்டிக்கொள்ள அதன் பள்ளங்களில் கிரீஸ் தடவி, கையால் மெதுவாக ஓட்டுங்கள். அடைப்பதற்குப் பெட்ரோல் தாங்கும் திரவப் பசையையே நான் விரும்புவேன். நுனியில் உள்ள முதல் இரண்டு மரையை வெறுமையாக விட்டுத் தடவ வேண்டும். வெள்ளை டேப்பின் கிழிசல் உள்ளே போனால், கார்புரேட்டரின் கம்பிவலைச் சல்லடையில் அடையும். அதையும் தாண்டினால் ஊசி வால்வின் இருக்கையில் போய் உட்காரும். பிறகு பெட்ரோல் நிரம்பி வழிகிறது என்று வேறொரு கேள்வியோடு வருவீர்கள்.

அடுத்து ஏ.என்.6. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த விமானத் தர அளவு என்பதால் அந்தப் பெயர். எண் என்பது ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த பங்கு. 6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குல வெளிவிட்டமுள்ள குழாய்க்கு உரியது. மரை 9/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 18. இங்கே அடைப்பது மரை அன்று. முனையில் 37 பாகையில் கடைந்திருக்கும் கூம்பு, எதிரில் உள்ள கூம்புக் குழியில் உலோகத்தோடு உலோகமாகப் பதிந்து அடைக்கிறது. மரையில் நீங்கள் சுற்றிய டேப் ஒன்றையும் அடைக்கவில்லை. அது நட்டைத் தடுத்து நிறுத்தி, கூம்பு முழுதாக அமர்வதற்கு முன்னரே ‘இறுகிவிட்டது’ என்ற உணர்வை உங்கள் கைக்குக் கொடுத்திருக்கிறது. டேப்பை நூல் விடாமல் நீக்கிவிட்டு, கூம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கையால் முறுக்கி, ஸ்பேனரால் லேசாக அமர்த்திக் கழற்றிப் பாருங்கள். மை முழு வட்டமாகத் தேய்ந்திருந்தால் கூம்பு நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ குறுக்கே கீறல் தெரிந்தாலோ அந்த ஃபிட்டிங் போய்விட்டது. கூம்பு வடிவச் செம்பு வாஷர் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு, நான் புதியதையே போடுவேன்.

பாஞ்சோவில் அடைப்பது வாஷர். வளையத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் வேண்டும். எத்தனை போட்டீர்கள், புதியவையா என்று நீங்கள் சொல்லவில்லை. சூடான பிறகு நனைவது, பழைய செம்பு வாஷர் கெட்டித்துப்போன அடையாளம். செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது மீண்டும் மென்மையாகும். இரும்பைப் போல இறுகாது. அலுமினிய வாஷரை அப்படிச் செய்ய முயல வேண்டாம், ஒரு முறை போட்டுக் கழற்றினால் தூக்கி எறிந்துவிடுங்கள். டி.சி.ஓ.இ.யின் பாஞ்சோ போல்டு எம்12 × 1.5. ஜப்பானிய வண்டிகளில் கழற்றிய பாஞ்சோ போல்டுகளில் எம்12 × 1.25 நிறைய உண்டு. அதைக் கொண்டுவந்து பலவந்தமாக முறுக்கினால், கார்புரேட்டர் மூடியின் மென்மையான வார்ப்பு மரை உரிந்துபோகும்.

---

ரப்பரே போதும் (பீடோர்) எழுதியது:

மேலே அண்ணன் கூறியவை அனைத்தும் சரியே. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். அந்த வெபர் கேட்பது ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. அழுத்தம், அதாவது 0.2 பார், இன்ஜெக்‌ஷன் வண்டிகளைப் போல 3 பார் அன்று. இவ்வளவு சிறிய அழுத்தத்துக்குத் தரமான பெட்ரோல் ஹோஸும், துளையில்லாத வளையமாக நெருக்கும் கிளிப்பும் தாராளமாகப் போதும். ரப்பர் ஹோஸ் வெடித்தால் கண்ணுக்குத் தெரியும், விரலால் அமுக்கிப் பார்த்தால் கெட்டித்ததும் தெரியும். கம்பிப் பின்னலுக்குள் ரப்பர் செத்துக் கிடந்தாலும் வெளியே அது பளபளவென்றுதான் இருக்கும். எனவே பின்னல் ஹோஸ் போட்டவர்கள், அழகாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், நாள் கணக்கு வைத்து மாற்ற வேண்டும்.

இன்னொன்று. சிலர் பின்னல் ஹோஸை அப்படியே முனைக்குழாயில் செருகி, சாதாரணக் கிளிப்பை இறுக்கி, அதன்மேல் சிவப்பு நீல மூடியை மாட்டி ஏ.என். போலக் காட்டுகிறார்கள். கிளிப்பின் பிடி பின்னலின் மேல்தான் விழுகிறதே தவிர, உள்ளே உள்ள ரப்பரின் மேல் சீராக விழுவதில்லை. அதை மட்டும் செய்யாதீர்கள்.

---

பழைய டட்சன் எழுதியது:

பேட்டரியைக் கழற்றிவிட்டேன், அண்ணா. கேஜ் ஒன்றைக் கடன் வாங்கிச் சோதித்ததில், அடாப்டரில் 28 கச்சிதமாக உட்கார்ந்தது, 27 உட்காரவில்லை. நீங்கள் சொன்னபடியேதான். பாஞ்சோவில் மேல் பக்கம் மட்டுமே வாஷர் போட்டிருந்தேன். கீழே கார்புரேட்டரின் பரப்பே போதும் என்று நினைத்துவிட்டேன். ஃபில்டரின் கூம்பில் மை முழு வட்டமாகத் தேய்ந்திருக்கிறது, கீறல் இல்லை.

ஹோஸ் முனை நகர்ந்திருப்பதைப் பற்றி யாரேனும் கூற இயலுமா? ஹோஸின் உட்புறம் கறுப்பாக இருக்கிறது. வாங்கும்போது அதன் வகையைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஹேக்சாவால் அறுத்து, ஃபிட்டிங்கின் சாக்கெட்டில் செருகி, மற்ற பாதியை முறுக்கினேன். அறுத்த இடத்தில் கம்பிகள் பிரிந்து விரலில் குத்தியது நன்றாக நினைவிருக்கிறது.

---

ஹோஸ் கடைக்காரர் (கிள்ளான்) எழுதியது:

விரலில் குத்தியதிலிருந்தே உங்கள் நான்காவது கசிவின் காரணம் தெரிகிறது. கம்பிகள் பூப்போல விரிந்தால் ஹோஸ் சாக்கெட்டின் அடிவரை போகாது. பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அதன்மேல் மற்ற பாதியை முறுக்கும்போது, உள்ளே நுழையும் முனைக்குழாய் ஹோஸைப் பிடிப்பதற்குப் பதிலாக அதை வெளியே தள்ளிக்கொண்டே வரும். நீங்கள் கண்ட ஓரிரு மில்லிமீட்டர் அப்படி வந்தது.

முதலில் ஹோஸின் வகையை அறிந்துகொள்ளுங்கள், ஏனெனில் கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. செயற்கை ரப்பர் உள்குழாய் என்றால் அறுத்த முகத்தில் சுவர் தடிப்பாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியும். டெஃப்லான் உள்குழாய் என்றால் சுவர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், நகம் பதியாது, வழவழப்பாக இருக்கும். பெட்ரோலுக்கான டெஃப்லான் ஹோஸில், ஓடும் பெட்ரோலால் சேரும் நிலைமின்சாரம் உலோகத்துக்கு இறங்கிப் போவதற்காகக் கரி கலந்திருப்பார்கள். அதனால் அதுவும் கறுப்பாகவே இருக்கும். கரி கலக்காத வெள்ளை டெஃப்லானில் அந்த மின்சாரம் பொறியாகத் தாவி ஊசித் துளை போட்டுவிடக்கூடும் என்பதால் அதைப் பெட்ரோலுக்கு நான் விற்பதில்லை.

இரண்டுக்கும் ஃபிட்டிங் வேறு. டெஃப்லானுக்கு உரியதில், உள்குழாய்க்கும் பின்னலுக்கும் இடையே செருகும் சிறு உலோக வளையம் ஒன்று தனியாக வரும். ரப்பருக்கு உரியதில் அது இருக்காது. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் போட்டால் பிடிப்பது போல் பிடித்து, ஒரு நாள் மொத்தமாகக் கழன்றுவிடும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி மின்னுவதால் வாங்குபவர்களும் ஏமாறுகிறார்கள், விற்பவர்களில் சிலரும் ஏமாறுகிறார்கள்.

உங்களுடையது ரப்பர் வகை என்று வைத்துக்கொண்டு கூறுகிறேன். நகர்ந்த முனையைக் கழற்றி, ஓர் அங்குலம் தள்ளி, மறைப்பு டேப்பை இறுக்கமாக மூன்று சுற்று சுற்றுங்கள். அந்தச் சுற்றின் நடுவிலேயே, அங்குலத்துக்கு 32 பல்லுள்ள ஹேக்சா பிளேடால், அழுத்தாமல், நேர்ச் செங்குத்தாக அறுங்கள். மெல்லிய வெட்டுச் சக்கரம் இருந்தால் இன்னும் சுத்தமாக வரும், ஆனால் ரப்பர் கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டேப்பை நீக்காமலேயே ஹோஸைச் சாக்கெட்டுக்குள் நுழையுங்கள். டேப் தடுத்தால் மட்டும் கடைசியில் உரித்துவிடலாம். கடிகார முள் திசைக்கு எதிராகத் திருகியபடியே தள்ளினால் எளிதாக ஏறும். சாக்கெட்டின் உள்மரை தொடங்கும் இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாக ஹோஸ் நிற்க வேண்டும்.

அதன்பின் சாக்கெட்டின் விளிம்பை ஒட்டி ஹோஸின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். உங்களுக்குக் கோடு இல்லாததால்தான் எவ்வளவு நகர்ந்தது என்று ஊகிக்க வேண்டியிருந்தது. முனைக்குழாயிலும் மரையிலும் எஞ்சின் எண்ணெய் தடவி, வைஸின் தாடைகளுக்கு அலுமினியத் தகடோ தோலோ வைத்துச் சாக்கெட்டைப் பிடித்து, மற்ற பாதியை முறுக்குங்கள். அறுகோண நட்டுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சும்போது நிறுத்திக் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் மீண்டும் அறுத்துத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஹோஸை எப்போதும் தேவைக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக வாங்கச் சொல்வது அதற்காகத்தான், வியாபாரத்துக்காக அன்று.

முடித்த ஹோஸின் உள்ளே காற்றடித்து, பிறகு பெட்ரோலால் ஒரு முறை அலசி ஊற்றிவிடுங்கள். அறுத்த ரப்பர்த் தூளும் கம்பித் துணுக்கும் உள்ளே நிச்சயம் இருக்கும்.

---

செம்பனை லோரி (தெலுக் இந்தான்) எழுதியது:

ஹோஸின் உள்வகையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் தாத்தாமார் சீவிய பால்மரத்து ரப்பரால் பெட்ரோலைத் தாங்க முடியாது. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். அதனால்தான் பெட்ரோல் ஹோஸில் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரைப் போடுகிறார்கள். டீசலில் வேறு கதை. நம் மலேசியாவில் வண்டிகளுக்கு விற்கும் டீசலில் 10 விழுக்காடு, செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலப்பது 2019-இல் கட்டாயமானது. என் அனுபவத்தில் பழைய நைட்ரைல் ஹோஸ்கள் அதில் சீக்கிரம் தளர்ந்துபோகின்றன. இதே வேலையை டீசல் எஞ்சினில் செய்ய நினைப்பவர்கள் டெஃப்லான் அல்லது வைட்டான் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) உள்குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

---

பழைய டட்சன் எழுதியது:

இரண்டு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ஹோஸ் ரப்பர் வகைதான், நகம் பதிந்தது. கழற்றிப் பார்த்தபோது ஹோஸ் சாக்கெட்டுக்குள் பாதிதான் போயிருந்தது. ஓர் அங்குலம் அறுத்துவிட்டு, கோடு போட்டு மீண்டும் பொருத்தினேன், கோடு நகரவில்லை. பம்புக்கு என்.பி.டி. அடாப்டர், திரவப் பசை. ஃபில்டரில் டேப் இல்லாமல் கையால் முறுக்கி, குட்டை ஸ்பேனரால் சிறிது அமர்த்தினேன். பாஞ்சோவுக்கு இரண்டு புதிய செம்பு வாஷர்.

கார்புரேட்டரிலிருந்து ஹோஸைக் கழற்றி, அந்த முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றேற்றி, வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், குமிழி இல்லை. பிறகு எல்லாவற்றையும் மாட்டி, இக்னிஷன் காயிலின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் மெல்லிய தாளைச் சுற்றி வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். எல்லாத் தாளும் காய்ந்தே இருந்தன. நேற்று ஈப்போ வரை போய்வந்து, சூட்டோடு பாஞ்சோவைத் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை.

இன்னும் ஓர் ஐயம். பம்பிலிருந்து வரும் ஹோஸ், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு கையளவு மேலே, வயர் கட்டு ஒன்றை உரசிக்கொண்டு போகிறது. இதை அப்படியே விடலாமா?

---

கடைசல் பட்டறை எழுதியது:

விடாதீர்கள், தம்பி. அந்தக் கம்பிப் பின்னல் அரத்துக்குச் சமம். எஞ்சின் அதிர்வில் வயரின் உறையைச் சில மாதங்களில் அறுத்துவிடும், பெயின்டையும் விடாது. ஸ்டார்ட்டரின் தடித்த முனையில் பேட்டரி மின்சாரம் எப்போதும், சாவியை எடுத்த பிறகும் இருக்கும். பின்னல் உங்கள் ஃபிட்டிங் வழியாக எஞ்சின் உடலோடு இணைந்திருப்பதால், ஹோஸ் தளர்ந்து அந்த முனையைத் தொட்டால் அந்த இடத்திலேயே பொறி பறந்து கம்பியும் ரப்பரும் உருகி ஓட்டை விழும், உள்ளே இருப்பது பெட்ரோல்.

ஹோஸை எஞ்சினின் மறுபக்கம் திருப்பிக்கொண்டு போக இடமிருந்தால் அதையே செய்யுங்கள். இல்லையென்றால் ரப்பர் உறையுள்ள ‘பி’ வடிவக் கிளாம்பை ஒரு சாணுக்கு ஒன்றாகப் போட்டு உடற்தகட்டோடு பிடியுங்கள். ஸ்டார்ட்டருக்கு மேலே வரும் பகுதிக்குத் தடித்த ரப்பர்க் குழாயைப் பிளந்து மேலே மாட்டுங்கள், ஸ்டார்ட்டரின் முனைக்கும் அதற்குரிய ரப்பர் மூடியைப் போடுங்கள். உடற்தகட்டிலிருந்து எஞ்சினுக்குத் தாவும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டுவிடுங்கள். எஞ்சின் ஆடும்போது அந்த இழுப்பு கார்புரேட்டரின் பாஞ்சோ மேல் விழக் கூடாது.